என் கணவருக்கு ஹெலிகாப்டர் ஓட்டணுமாம்!

எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் கணவர்களின் ஆசைகளுக்குப் பஞ்சமே இல்லை. தமிழ் டீச்சரின் கணவர் வங்கி வேலையை விட்டுவிட்டு ஆட்டுப் பண்ணை வைக்கப் போகிறார். வேதியியல் டீச்சர் வீட்டில் மரச்செக்கு எண்ணெய். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது என் முறை வந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு ஹெலிகாப்டர் ஓட்டணுமாம்" என்றேன். இரண்டு நொடி அமைதி. அப்புறம் அறையே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் தமிழ் டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "அதுக்கு எவ்வளவு ஆகும்?"

நல்ல கேள்வி. ஆட்டுப் பண்ணைக்கும் அதைத்தானே கேட்போம். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வருடம் நான் விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு வயது 34. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பன்னிரண்டு வருட வேலை. எங்கள் வீடு சேலையூரில். தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே ஹெலிகாப்டர் போவது தினசரிக் காட்சி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் டாட்டா காட்டுவாள். அவர் கூடவே நின்று அண்ணாந்து பார்ப்பார். நான் வடாம் காயப்போடுகிற வேலையைப் பார்ப்பேன்.

ஆசை எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் மழை கொட்டியது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது. மாமாவும் அத்தையும் மாடியில். மூன்று நாள் போன் இல்லை. இவர் சென்னையில் தூங்காமல், சாப்பிடாமல், போனையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

நாலாவது நாள் யாரோ ஒருவருடைய போனிலிருந்து அத்தை பேசினார்கள். "எலிகாப்டர்ல வந்து சோத்துப் பொட்டலம் போட்டாவ. பிஸ்கட்டும் தண்ணியும் போட்டாவ. நாங்க நல்லாருக்கோம்ல, நீ அழாத." அவ்வளவுதான். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ராத்திரிகளில் அவர் லேப்டாப்பில் ஓடியதெல்லாம் ஹெலிகாப்டர்தான். ஒரு வருடம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"படை வேலைக்குப் போகலாமே, பணமும் கட்ட வேண்டாம்" என்பது என் முதல் யோசனை. அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது. விமானப்படையில் விமானியாகச் சேர 24 வயதுக்குள் இருக்க வேண்டும், விமானி உரிமம் கையில் இருந்தால் 26 வரை. ஆனால் சிவிலியனாக உரிமம் வாங்க 18 வயது ஆகியிருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். அவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்பதால் இரண்டும் உண்டு. இந்த இடத்தில் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது.

கமர்ஷியல் உரிமத்துக்கு ஹெலிகாப்டரில் 150 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதோடு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் எழுத்துத் தேர்வுகள். வழிகாட்டல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் என்று தாள் தாளாக. ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. வானொலியில் பேசுவதற்குத் தனி உரிமம், தனித் தேர்வு. இதெல்லாம் படித்தால் வந்துவிடும். அவர் படிக்கிறவர்தான்.

பணம்தான் கேள்வி. இந்தியாவில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. ஹெலிகாப்டருக்கு, பெங்களூருவில் எச்.ஏ.எல். நடத்தும் அகாடமி மாதிரி, விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் பலர் அமெரிக்கா போகிறார்கள். அங்கே பயிற்சிக்குப் பெரும்பாலும் ராபின்சன் ஆர்-22 என்கிற இரண்டு இருக்கை வண்டி. மணிக்கு 300 டாலர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 150 மணிக்கு 45,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 38 லட்சத்து 25 ஆயிரம். நிமிடத்துக்கு 425 ரூபாய்! எங்கள் வீட்டில் ஏ.சி. ஓடுகிற நிமிடத்தையே எண்ணுகிறவள் நான். இதன்மேல் தங்குவது, சாப்பாடு, விசா, தேர்வுக் கட்டணம், அந்தக் காலத்தில் வராமல் போகிற சம்பளம். சுருக்கிப் பிடித்தாலும் 60 லட்சத்துக்குக் கீழே எந்தக் கணக்கும் நிற்கவில்லை.

60 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை 82 ஆயிரத்துச் சொச்சம். ஏற்கனவே வீட்டுக் கடன் தவணை 41 ஆயிரம். என் சம்பளம் 36 ஆயிரம். கணக்கு டீச்சர் வீட்டில் இந்தக் கழித்தலைச் செய்ய கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

"வேலை கிடைச்சதும் கட்டிரலாம்" என்றார் அவர். எங்கே வேலை, யார் தருகிறார்கள் என்று அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். உண்மையான சுவர் அங்கேதான் இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை.

நம் நாட்டில் சிவில் ஹெலிகாப்டர்கள் மொத்தமே சில நூறுதான். முக்கியமான வேலைகள் என்று பார்த்தால், மும்பை ஜூஹுவிலிருந்து அரபிக்கடலில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போவது. மும்பை ஹை கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். பிறகு வைஷ்ணோதேவி, கேதார்நாத், அமர்நாத் யாத்திரை. அமைச்சர்கள், தொழிலதிபர்கள், தேர்தல் நேரத்துப் பயணங்கள். கொஞ்சம் மருத்துவ சேவை. இந்த இருக்கைகளில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள் ராணுவத்திலும் கடற்படையிலும் விமானப்படையிலும் பல்லாயிரம் மணி நேரம் பறந்து ஓய்வு பெற்றவர்கள். 150 மணி நேரத்தோடு உரிமம் வாங்கி வருகிறவர் அவர்கள் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். நான் பார்த்த வேலை அறிவிப்புகள் பலவற்றில் கேட்கும் அனுபவமே ஆயிரம் மணி நேரத்தில்தான் தொடங்குகிறது.

ஆயிரம் மணி நேரம் பறந்தால்தான் வேலை. வேலை கிடைத்தால்தான் ஆயிரம் மணி நேரம் பறக்க முடியும். அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உரிமம் வாங்கியவர் அதே பள்ளியில் பயிற்றுநராகி, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்கிறார். மாணவர் விசாவில் போகிறவருக்கு அதற்கான அனுமதி எல்லா விசாவிலும் கிடைக்காது. எந்தப் பள்ளி எந்த விசா தருகிறது என்று பார்த்துத்தான் போக வேண்டும். இங்கே என்றால் இரண்டு விமானிகள் வேண்டிய பெரிய ஹெலிகாப்டரில் இடப்பக்க இருக்கை கிடைக்கக் காத்திருக்க வேண்டும். விமானத்தில் கேப்டன் இடப்பக்கம் உட்காருவார், ஹெலிகாப்டரில் வலப்பக்கம். இந்த மாதிரி விஷயங்கள் எல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி!

நானும் அவரும் எத்தனை இணையதளம் படித்தாலும் ஓட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்டது போல ஆகுமா? என் சக ஆசிரியையின் பெரியப்பா கடற்படையில் ஹெலிகாப்டர் விமானி. அரக்கோணத்தில் ராஜாளி தளத்தில்தான் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே பயின்று, கப்பல்களில் பறந்து, ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். கையில் ஆரஞ்சுப் பழம், என் நோட்டுப் புத்தகத்தில் இருபத்தோரு கேள்விகள்.

முதலில் ஹெலிகாப்டர் எப்படி நிற்கிறது என்று சொன்னார். பறப்பதைவிட அந்தரத்தில் அசையாமல் நிற்பதுதான் கஷ்டமாம். இடது கையில் ஒரு நெம்புகோல், தூக்கினால் வண்டி எழும்பும். அதே நொடி மூக்கு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். அதைக் கால் மிதியால் தடுக்க வேண்டும். தடுத்தால் வண்டி பக்கவாட்டில் நகரும். அதை வலது கைக் கம்பியால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தால் உயரம் குறையும். மறுபடியும் இடது கை. "தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு மூணு குடத்தோட பொம்பளைங்க வரப்புல நடப்பாங்களே, அது மாதிரிம்மா" என்றார். இது எனக்குப் புரிந்தது.

"இன்ஜின் நின்னுட்டா?" என்று கேட்டேன். என் பட்டியலில் முதல் கேள்வியே அதுதான்.

அவர் சிரித்தார். "பனையோலைக் காத்தாடியைப் பிடிச்சுக்கிட்டு ஓடினா சுத்துமா சுத்தாதா? அதுல இன்ஜினா இருக்கு?" இன்ஜின் நின்றதும் இடது கை நெம்புகோலை உடனே கீழே தள்ளிவிட வேண்டும். வண்டி இறங்க இறங்கக் கீழிருந்து வரும் காற்று மேலே இருக்கும் இறக்கைகளைச் சுற்றிக்கொண்டே இருக்கும். தரைக்குப் பக்கத்தில் வந்ததும் அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கும் வேகத்தைச் செலவழித்து மெதுவாக உட்கார்ந்துவிடலாம். ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். ஒவ்வொரு மாணவரும் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும். "ஆனா சின்ன வண்டியில அந்த நெம்புகோலைத் தள்ள ஒண்ணு ரெண்டு செகண்டுதான் இருக்கும். யோசிச்சுச் செய்யறதுக்கு நேரமில்ல. கை தானா போகணும்."

இன்ஜினை அவர் பெரிதாகப் பயப்படவில்லை. மேகத்தைத்தான் பயந்தார். கண்ணுக்கு அடிவானம் தெரியாமல் போனால், எது மேல் எது கீழ் என்று நம் காதுக்குள் இருக்கும் உறுப்பு தவறாகச் சொல்லும். வண்டி சாய்ந்திருக்கும், உடம்போ நேராக இருப்பதாகச் சத்தியம் செய்யும். குழந்தைகள் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றதும் உலகம் சுற்றுகிறதே, அதைப் போல. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போன ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது என்றுதான் விமானப்படை விசாரணை சொன்னது. அவ்வளவு அனுபவம் உள்ளவர்களுக்கே அப்படி.

"தம்பி, ஹெலிகாப்டர் ஓட்டக் கத்துக்கிறது ஒரு வேலை. 'இன்னிக்கு ஓட்ட மாட்டேன்'னு சொல்லக் கத்துக்கிறது இன்னொரு வேலை. பின்னாடி சீட்டுல ஒரு மந்திரி உட்கார்ந்திருப்பார். மீட்டிங்குக்கு நேரமாச்சும்பார். முதலாளி போன் பண்ணுவார். நீ புதுசு, கடன் வேற இருக்கு. அப்ப உன் வாயிலேர்ந்து 'முடியாது சார்' வருமா?"

இவர் பதில் சொல்லவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் தவணைத் தொகையை அதுவரை நான் பணமாக மட்டுமே பார்த்திருந்தேன். 82 ஆயிரம் ரூபாய் தவணை தலைக்கு மேல் இருக்கிற ஒருவர், மேகம் சூழ்ந்த காலையில் 'மாட்டேன்' என்று எவ்வளவு எளிதாகச் சொல்வார்?

சமையலறையில் அந்த அம்மா காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்கள்: "இவர் ரிடையராகி இத்தனை வருஷமாச்சு. இன்னிக்கும் நேரங்கெட்ட நேரத்துல போன் அடிச்சா எனக்குக் கை நடுங்கும்." வேறு எதுவும் சொல்லவில்லை. பூந்தொட்டியிலிருந்து கொஞ்சம் கறிவேப்பிலை ஒடித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு முடிவும் எடுக்கவில்லை. அடுத்து 2025 ஜூன் 15 வந்தது. கேதார்நாத்திலிருந்து பக்தர்களோடு திரும்பிய ஹெலிகாப்டர் அதிகாலையில் கௌரிகுண்ட் பக்கம் விழுந்தது. ஏழு பேர், அதில் ஒரு சின்னக் குழந்தை. ஓட்டியவர் ராணுவத்தில் பல வருடம் பறந்தவர். அதற்கு ஐந்தே வாரம் முன்பு, மே 8 அன்று, உத்தரகாசியில் ஒரு விபத்தில் ஆறு பேர். அன்றைக்கு நாள் முழுக்க டி.வி.யை அணைத்தே வைத்திருந்தோம். ராத்திரி அவராகவே சொன்னார்: "அந்த மலை வேலைக்கு நான் போக மாட்டேன். எழுதி வேணும்னாலும் தர்றேன்." எழுதி வாங்கிக்கொண்டேன். பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

ஊரில் இந்த விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. மாமாவுக்கு ஏரலில் ஒன்றரை ஏக்கர் வாழைத் தோட்டம். வெள்ளத்தில் மண் மூடிப்போனதைத் திரும்ப வெட்டிச் சீர்படுத்தி, இப்போதுதான் இரண்டாவது தார் வெட்டியிருக்கிறார். போனில் கூப்பிட்டு, "ஏல, அத வித்துருவோம். எங்களுக்கு எதுக்குல இனிமே?" என்றார். இவர் கண் கலங்கி உட்கார்ந்துவிட்டார். நான் போனை வாங்கினேன். "மாமா, தோட்டத்த விக்கிற பேச்சே வேண்டாம். அவர் பறக்கிறதுனா அவர் சம்பாத்தியத்துல பறக்கட்டும்" என்றேன். மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரிம்மா, நீ சொல்லுதது நாயந்தான்" என்றார். குரலில் ஒரு நிம்மதி இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

முழுக்க வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று என் அம்மா இன்னும் கேட்கிறார். பன்னிரண்டு வருடமாக ஞாயிறு சாயங்காலம் ஆனால் அவர் முகம் தொங்கிப்போவதைப் பார்த்தவள் நான். இந்த ஒரு வருடத்தில்தான் காலை ஐந்து மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுந்திருக்கிறார். இதற்கு அம்மாவிடம் சொல்கிற மாதிரி ஒரு பதில் இல்லை.

அதனால் வேலையை விடாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போவது என்று பேசி வைத்திருக்கிறோம். செலவு குறைந்த கதவுகளை முதலில் தட்டுவது. மருத்துவப் பரிசோதனை அப்படிப்பட்ட கதவு. அதில் தோற்றால் மற்ற எல்லாக் கணக்கும் வீண். பலர் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் இதற்குப் போகிறார்களாம், எனக்குப் புரியவே இல்லை. முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு கமர்ஷியல் விமானிக்கான முதல் வகுப்பு. ரத்தம், இ.சி.ஜி., காது, கண், நிறம் பிரித்துப் பார்க்கும் சோதனை. கண்ணாடி போடுவது தடையில்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். இரண்டாம் வகுப்பில் தேறிவிட்டார். அதற்காக மூன்று மாதம் வடையும் பஜ்ஜியும் எங்கள் வீட்டில் மறைந்து போயிருந்தன. முதல் வகுப்புக்குத் தேதி வாங்கியிருக்கிறார்.

எழுத்துத் தேர்வுகளை வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். இரண்டு தாள் முடித்துவிட்டார். எல்லாத் தாளும் முடிந்த பிறகு, சேமிப்பிலிருந்து பத்து மணி நேரப் பயிற்சிக்கு மட்டும் பணம். அந்தப் பத்து மணி நேரத்தில் அந்தரத்தில் நிற்க வருகிறதா, வயிறு புரட்டுகிறதா, ஆசை அப்போதும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்குமேல் ஒரு ரூபாய் செலவு என்றாலும் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். வீட்டுக் கடனில் பாதி அடையாமல் புதுக் கடன் கிடையாது. அப்படிப் பார்த்தால் அவர் பயிற்சிக்குப் போவதற்கு 38 வயது ஆகிவிடும். விமானிக்கு 65 வரை பறக்க இடம் இருக்கிறது என்கிறார். சரி, பார்ப்போம்.

ஆசிரியர் அறையில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஆட்டுப் பண்ணையில் பன்னிரண்டு ஆடுகள் சேர்ந்துவிட்டன. தமிழ் டீச்சர் வாரா வாரம் என்னிடம் கேட்கிறார், "உங்காளு எந்தப் பாடத்துல இருக்கார்?"

வழிகாட்டலில் இருக்கிறார். காற்று முக்கோணம் என்று ஒரு கணக்கு. காற்று ஒரு பக்கம் தள்ளும்போது, போக வேண்டிய ஊருக்கு நேராகப் போக மூக்கை எந்தக் கோணத்தில் திருப்பி வைக்க வேண்டும்? நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நடத்தும் அதே வெக்டர் பாடம்தான், ஆற்றைக் கடக்கும் படகுக்குப் பதிலாக ஹெலிகாப்டர். நேற்று அவருக்கு விடை எட்டு டிகிரி தள்ளி வந்தது. வானிலை அறிக்கையில் 270 என்று போட்டால் காற்று மேற்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம், மேற்கு நோக்கிப் போகிறது என்றல்ல. அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருந்தார். அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். பதினோரு மணி ஆகிவிட்டது, எனக்கு இன்னும் நாற்பது விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. அவர் சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் அளவுகோலை வைத்துக்கொண்டு கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.